மஞ்சள் முகத் தேனீ

எனக்குப் பொறுமை கிடையாது. பூச்சிகளைப் பார்த்துப் பிழைப்பவளுக்கு இது பெரிய குறை. ரயிலில் உட்கார இடம் கிடைத்தாலும் இரண்டு ஸ்டேஷனுக்கு முன்பே எழுந்து வாசலில் போய் நிற்பேன். அடுப்பில் பால் வைத்தால் பொங்கும்வரை நிற்கமாட்டேன், போய்விடுவேன், அது பொங்கி வழியும். மும்பை செம்பூரில் நானும் அம்மாவும் இருக்கிறோம். நான் சாப்பாட்டைக்கூட நின்றபடியே முடிக்கிறேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் அம்மா குறை சொல்வாள்.

கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கிறேன். மீதி நேரமெல்லாம் தேனீக்கள். தேனடை கட்டும் தேனீக்கள் இல்லை, தனியாக வாழ்பவை. கிடைத்த துளையில் மகரந்தத்தை உருட்டி வைத்து, அதன்மேல் முட்டையிட்டு, பிசினாலோ மண்ணாலோ வாயை அடைத்துவிட்டுப் போய்விடும். பிள்ளை பிறப்பதைப் பார்க்கத் தாய் இருக்காது. இருபது வருடமாக இவற்றைப் பிடித்து, ஊசியில் குத்தி, கீழே சீட்டு எழுதிப் பெட்டியில் அடுக்கி வருகிறேன். அதில் ஒன்றுக்குக்கூட நான் பெயர் வைத்ததில்லை. எல்லாமே எனக்கு முன்னால் யாரோ பார்த்துப் பெயர் வைத்தவை.

என்னோடு எம்.எஸ்சி. படித்த ஒருத்தி தென் அமெரிக்கக் காடுகளில் ஆர்க்கிட் தேனீக்களை ஆராய்கிறாள். அந்தத் தேனீக்கள் பச்சையும் நீலமுமாகப் பளபளக்கும். ஆண் தேனீக்கள் ஆர்க்கிட் பூக்களின் வாசனையைச் சேர்த்துப் பின்னங்கால்களில் அடைத்துக்கொண்டு அலையும். அவள் வருடத்துக்கு ஒன்றாவது புதிய இனம் என்று விவரித்து எழுதி, கட்டுரையை எனக்கும் அனுப்பிவைப்பாள். நான் வாழ்த்துச் சொல்லி இரண்டு வரி எழுதுவேன். வயிறு எரியும். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்கும் ஒன்று வேண்டும். பச்சையாக மின்னாவிட்டாலும் பரவாயில்லை, நான் பெயர் வைத்த தேனீ ஒன்று வேண்டும். அந்த நமைச்சல் என்னை எங்கேயும் நிம்மதியாக உட்காரவிடவில்லை.

மைக்ரோஸ்கோப் பெட்டியின் தோல்வார் அறுந்ததால்தான் தாராவிக்குப் போனேன். மாட்டுங்காவில் எனக்குத் தெரிந்த பைக்கடைக்காரர், இந்தத் தடிமனெல்லாம் தாராவியில்தான் தைப்பார்கள் என்று ஒரு பட்டறைக்கு வழி சொன்னார். நான் பிறந்து வளர்ந்தது மாட்டுங்காவில். அங்கிருந்து தாராவி நடக்கிற தூரம். நாற்பத்தைந்து வயதுவரை நான் அதற்குள் கால் வைத்ததில்லை. ரயிலிலிருந்து தகரக்கூரைகளைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

சயானில் இறங்கி, தொண்ணூறு அடி ரோடு தாண்டி, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து. பட்டறையில் மூன்று தையல் மெஷின், நான்கு ஆட்கள். முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எல்லோரும் அண்ணாச்சி என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். கல்லூரியில் வேலை என்றதும் அவர் என்னை டீச்சர் ஆக்கிவிட்டார். அவர் வாரைத் தைத்துக்கொண்டிருந்தபோது, வழக்கம்போல உட்காராமல் வாசலில் நின்றேன். அப்போதுதான் என் காதோரமாக ஒரு கறுப்புத் தேனீ உள்ளே வந்தது.

பட்டறையின் வாசல்நிலை எங்கேயோ உடைத்த பழைய கட்டடத்திலிருந்து வாங்கி வந்தது. தாழ்ப்பாளும் ஆணியும் கழற்றிய துளைகள் அதில் நிறைய. தேனீ அதில் ஒரு துளையில் போய் உட்கார்ந்து, வாயில் கொண்டுவந்த பிசினை அப்பிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே ஏழு துளைகள் அடைபட்டிருந்தன. நகத்தால் தொட்டுப் பார்த்தேன், ரப்பர்போல அமுங்கியது. மரப்பிசின் அப்படி அமுங்காது.

"அது ஒண்ணும் செய்யாது டீச்சர்," என்றார் அண்ணாச்சி. "சொல்யூசன் டப்பாவத் தொறந்தா வந்துரும். வெளிம்புல ஒட்டுனதக் கடிச்சு எடுத்துட்டுப் போவும். ரெண்டு வருசமா இங்கனதான் கெடக்கு."

தோல் ஒட்டும் சொல்யூஷனை எடுத்துக் கூடு அடைக்கும் தேனீ. இப்படி ஒன்றை நான் எங்கேயும் படித்ததில்லை. அந்த ஏழு துளைகளில் இருப்பவை வெளியே வரும்போது எனக்கு வேண்டும், அதுவரை யாரும் தொடக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். யார் தொடப்போகிறார்கள் என்று அவர் சிரித்தார். கல்லூரியில் விடைத்தாள் திருத்தும் வேலை, பிறகு பூஜை விடுமுறை. பத்து நாள் கழித்துத்தான் கண்ணாடிக் குழாய்களோடு போக முடிந்தது. ஒவ்வொரு துளையின்மேலும் ஒரு குழாயைக் கவிழ்த்து டேப் ஒட்டினேன். வெளியே வருவது நேராகக் குழாய்க்குள் வந்துவிடும்.

அடுத்த வாரம் வகுப்பில் இருந்தபோது அண்ணாச்சியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. முதல் தேனீ. பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கிளம்பினேன். அதன்பிறகு ஒன்பது நாட்களில் மொத்தம் ஆறு வந்தன, நான்கு ஆண், இரண்டு பெண். ஏழாவது வரவே இல்லை.

வீட்டில் மைக்ரோஸ்கோப்பின் கீழ் முதல் ஆணை வைத்துப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். உடம்பு வழக்கமான கறுப்பு. ஆனால் முகத்து மயிரெல்லாம் நல்ல பொன்மஞ்சள். இரண்டு கண்களுக்கும் நடுவே, நெற்றியில், செங்கல் நிறத்தில் ஒரு திட்டு. அடுத்ததை எடுத்தேன், அதேதான். ஆறிலும் அதே மஞ்சள், அதே சிவப்பு. ஒன்றில் இருந்தால் ஏதோ கோளாறு என்று விடலாம். ஆறிலும் இருந்தால்? அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"என்னடி இது, பொட்டு வச்சுண்டிருக்கு," என்றாள்.

அம்மா அப்படித்தான் சொல்வாள் என்று நினைத்துக்கொண்டு நோட்டில் 'நெற்றித் திட்டு, செங்கல் சிவப்பு' என்று எழுதினேன்.

இங்கே சில உண்மைகளைச் சொல்லியாக வேண்டும். வெளியில் பிடித்த தேனீயின்மேல் தூசியும் மகரந்தமும் ஒட்டியிருக்கும், ஆல்கஹாலில் கழுவித்தான் பார்க்க வேண்டும். கூட்டிலிருந்து நேராகக் குழாய்க்குள் வந்த தேனீயைக் கழுவத் தேவையில்லை, அதைவிடச் சுத்தமானது கிடையாது என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் நம்புவது. நானும் கழுவவில்லை. மயிர் ஒட்டிக்கொண்டு அழகு போய்விடும் என்ற பயம் வேறு. இன்னொன்று. இந்த வகைத் தேனீக்களில் ஆணின் முகமும் பெண்ணின் முகமும் ஒரேபோல இருப்பது வழக்கமில்லை. அது என்னைச் சந்தேகப்பட வைத்திருக்க வேண்டும். நான் அதையே அதிசயம் என்று எழுதினேன். ஓர் ஆணின் வயிற்றைப் பிரித்து, எந்த இனம் என்று காட்டிக்கொடுக்கும் இனப்பெருக்க உறுப்பைப் பழைய புத்தகத்துப் படத்தோடு ஒப்பிட்டேன். நூறு வருடத்துக்கு முன்பே பெயர் வைத்த, சாதாரணமான ஓர் இனத்தின் படத்தோடு அது ஏறக்குறையப் பொருந்தியது. ஏறக்குறைய என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். நுனி கொஞ்சம் அகலம் என்று எனக்குப் பட்டது. படவேண்டும் என்று விரும்பினேன், பட்டது.

பெயரில் மட்டும் எனக்குக் குழப்பமே வரவில்லை. தாராவியென்சிஸ். தாராவியைச் சேர்ந்தது என்று பொருள். அண்ணாச்சியிடம் சொன்னதும் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். தமிழிலும் இங்கிலீஷிலும் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்தேன். அதை மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் சொல்யூஷன் தடவி ஒட்டிவிட்டார். அடுத்த முறை போனபோது சந்து முழுக்க விஷயம் தெரிந்திருந்தது. டீக்கடைக்காரர் என்னிடம் ஈ டீச்சர் என்று மரியாதையாகப் பேசினார். அண்ணாச்சியின் மகள் காலேஜில் போய்ச் சொல்ல, அங்கே யாரும் நம்பவில்லையாம், அச்சில் வந்ததும் ஒரு காப்பி வேண்டும் என்றார்.

கட்டுரையை ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். அவர்களுக்காக அதைப் படித்துப் பார்த்த நிபுணர், அவர் யார் என்று எனக்குச் சொல்லமாட்டார்கள், ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். ஆறும் ஒரே மரத்துண்டிலிருந்து வந்தவை, வேறிடத்தில் பிடித்தது ஒன்று உண்டா?

அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். விடிந்தால் வலையும் கையுமாகக் கிளம்புவேன். மாட்டுங்காவில் தோட்டம் தோட்டமாக அலைந்தேன். கோயில் வாசலில் பூக்கட்டுகிறவர்களின் கூடைகளைக்கூட எட்டிப் பார்த்தேன். அணுசக்தி நகரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற சாக்கில் மரம் மரமாகத் தேடினேன், வலையைப் பார்த்த வாசல் காவலர் என்னை முக்கால் மணி நேரம் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். காட்கோபரில் ஒரு சங்கத்துப் பூங்காவில் கிழவர்கள் என்னைக் கிறுக்கு என்று முடிவுகட்டி வழிவிட்டார்கள். கறுப்புத் தேனீ எங்கேயும் கிடைத்தது. மஞ்சள் முகம் எங்கேயும் இல்லை. செம்பூர் வீட்டுப் பால்கனியில்கூட ஒரு கறுப்பு அகப்பட்டது. அதற்குப் பழைய பெயரையே சீட்டில் எழுதி, என் ஆறு பேருக்கும் இரண்டு வரிசை தள்ளி அதே பெட்டியில் குத்திவைத்தேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வராது. யாராவது என்னை முந்திவிடுவார்கள் என்ற பயம்.

கடைசியில் தேடிக் கிடைக்காததையே சாட்சியாக்கினேன். இவ்வளவு தேடியும் வேறெங்கும் இல்லை, ஆகவே இது தாராவியில் மட்டுமே வாழ்கிறது என்று எழுதி அனுப்பினேன். அதை எழுதும்போது எனக்குப் புல்லரித்தது. நிபுணர் ஒத்துக்கொண்டார். அச்சுக்கு முந்தைய பிரதி வந்தது. மூன்று நாளில் சரிபார்த்து அனுப்ப வேண்டும், கூடு இருக்கும் இடத்தின் படம் ஒன்றும் தெளிவாக வேண்டும் என்றார்கள்.

அன்று சரஸ்வதி பூஜை. பிரதியைக் காலையிலேயே அனுப்பிவிடலாம் என்று வந்தால், லேப்டாப் மேஜையில் இல்லை. அம்மா அதைப் புத்தகங்களோடு சேர்த்து மணையில் அடுக்கி, பட்டுத்துணி போர்த்தி, பூ வைத்துவிட்டிருந்தாள். நாளைக்கு விஜயதசமி, எடுத்துப் படித்துக்கொள், இன்றைக்குத் தொடாதே என்றாள். சண்டை போட்டேன். அவள் காதில் வாங்கவில்லை. வீட்டில் இருந்தால் இன்னும் சண்டைதான் என்று, படமாவது எடுப்போம் என்று கேமராவோடு கிளம்பினேன். அண்ணாச்சியும் பூஜைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தார்.

பட்டறையைக் கழுவி விட்டிருந்தார்கள். மெஷின்களை எண்ணெய் போட்டுத் துடைத்து, கத்தி, சுத்தியல், உளி எல்லாவற்றையும் வாழையிலையில் பரப்பியிருந்தார்கள். ஆட்கள் நான்கு பேரும் புதுச்சட்டையில் இருந்தார்கள். ஒருவர் பொரியில் பொட்டுக்கடலை கலந்துகொண்டிருந்தார். அண்ணாச்சி ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு மெஷினுக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தார். பிறகு தராசுக்கு, மீட்டர் பெட்டிக்கு, சொல்யூஷன் டப்பாவுக்கு. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, நிலைக்கு மஞ்சள் பூசினார். பூசிவிட்டு இறங்கவில்லை. அடைபட்ட தேனீக்கூடு ஒவ்வொன்றின்மேலும் விரலால் நன்றாக மஞ்சளை அப்பி, நடுவில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார்.

நான் கேமராவை இறக்கினேன். போன வருடமும் இப்படி வைத்தீர்களா என்று கேட்டேன்.

"வச்சேம்லா," என்றார். "எல்லாத்துக்கும் வைக்கையில அதுக்கு மட்டும் வைக்காம உட்டா நல்லாவா இருக்கும்? அதுவும் இங்கன வேல பாக்குததுதான."

வேறு யாராவது அந்த நிலையைப் பார்த்திருந்தால், இது என்ன மஞ்சள், இது என்ன சிவப்பு என்று முதல் நாளே கேட்டிருப்பார்கள். நான் குழாய்களோடு வந்த அன்று மஞ்சளும் குங்குமமும் அங்கேதான் இருந்தன. அதன்மேல்தான் டேப் ஒட்டினேன். ஒட்டும்போது விரலில்கூடப் பட்டிருக்கும். ஆனால் வாசல்நிலையில் மஞ்சள் குங்குமம் இருப்பதை எந்தத் தமிழச்சி கவனிப்பாள்? இல்லாவிட்டால்தான் கவனித்திருப்பேன். அப்பிக் காய்ந்த மஞ்சளையும் குங்குமத்தையும் கடித்துத் துளைத்துக்கொண்டுதான் அந்த ஆறும் வெளியே வந்திருக்கின்றன. அம்மா முதல் பார்வையிலேயே சொன்னாள்.

பொரியை வாங்கிக்கொண்டு, படம் எடுக்காமலே வீட்டுக்கு வந்தேன். ஆறில் ஒன்றை எடுத்து ஒரு சொட்டு ஆல்கஹாலை முகத்தில் விட்டேன். சொட்டு மஞ்சளாகி வழிந்தது. அப்போதும் மனம் ஒப்பவில்லை. இயற்கையான நிறம்கூடச் சில சமயம் கரையும் என்று ஏதேதோ சமாதானம். இன்னொன்றைச் சமையலறைக்கு எடுத்துப்போய்ச் சோப்புத்தண்ணீர் தொட்டு வைத்தேன். மஞ்சள் முகம் கண்ணெதிரே சிவந்தது. பின்னால் வந்து நின்ற அம்மா, மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் சிவக்கும் என்பது தெரியாதா, இத்தனை புடவை துவைத்திருக்கிறாயே என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் அடுப்பில் வைத்து மறந்த பாலுக்குக் கேஸை அணைத்துவிட்டுப் போனாள். கழுவிக் காயவைத்த தேனீயைப் பால்கனியில் பிடித்ததன் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒன்று. நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

யாருக்கும் தெரியாது. மீதி நான்கும் அச்சு அசலாக மஞ்சள் முகத்தோடு பெட்டியில் இருந்தன. பிரதியை அப்படியே அனுப்பியிருந்தால் என் பெயரில் ஒரு தேனீ, தாராவி பெயரில் ஒரு தேனீ. இன்னும் ஐம்பது வருடம் கழித்து யாராவது கழுவிப் பார்த்தால்தான் உண்டு. அன்று இரவு முழுக்க இதையும் யோசித்தேன், இல்லை என்று சொன்னால் பொய். காலையில் அம்மா பட்டுத்துணியை விலக்கி லேப்டாப்பைக் கையில் கொடுத்தாள். விஜயதசமியன்று முதலில் எழுதுவது விருத்தியாகும் என்பது அவள் நம்பிக்கை. நான் முதலில் எழுதியது, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்ற கடிதம்.

பத்திரிகைக்கு எழுதுவது சுலபமாக இருந்தது. தாராவிக்குப் போவதுதான் முடியவில்லை. இரண்டு முறை சயானில் இறங்கி, மேம்பாலத்தில் ஏறி, எதிர்ப்பக்க வண்டியைப் பிடித்துத் திரும்பிவிட்டேன். மூன்றாவது முறை அண்ணாச்சியே போன் செய்து, படம் எடுக்காமல் போய்விட்டீர்களே என்று கேட்டார். அதற்குமேல் ஒளிய முடியவில்லை.

அவர் தோல் வெட்டிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள், சோப்பு, கடிதம், எல்லாம். அவர் கத்தியைக் கீழே வைத்தார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. தான் மஞ்சள் தடவியதால்தானே எல்லாம் கெட்டது என்று கேட்டார். இல்லை, நான் கழுவிப் பார்த்திருக்க வேண்டும், தப்பு முழுக்க என்னுடையது என்றேன். அவர் எழுந்து போய் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளைக் கொஞ்சநேரம் பார்த்தார். கிழிக்கவில்லை.

அப்போ இது சாதாரண ஈதானா, வேற எங்க எல்லாம் இருக்கு என்று கேட்டார். மாட்டுங்காவில், காட்கோபரில், அணுசக்தி நகரில், என் வீட்டுப் பால்கனியில் என்று நான் அலைந்த இடங்களையெல்லாம் சொன்னேன். அவர் முகம் மெல்லத் தெளிந்தது. அது எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

"டீச்சர், தாராவில மட்டுந்தான் இருக்குன்னு எழுததுக்கு ஆயிரம் பேரு வாரான். கேமராவத் தூக்கிட்டு வாரான். ஒங்க வீட்டுல உள்ளது எங்க வீட்டுலயும் இருக்குன்னு ஒருத்தனும் எழுதுனது இல்ல. நீங்க அத எழுதுங்க."

தாராவியில் மட்டுமே வாழ்கிறது என்று எழுதியபோது புல்லரித்தது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. நடக்கிற தூரத்தில் நாற்பத்தைந்து வருடம் இருந்துவிட்டு, வந்ததும் நானும் அந்த ஆயிரம் பேரோடுதான் போய் நின்றிருக்கிறேன். அண்ணாச்சி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அன்று உட்கார்ந்தேன். அங்கேயே எழுத ஆரம்பித்தேன். மும்பையில் பரவலாகக் காணப்படும் இந்தத் தேனீ தாராவியிலும் வீட்டு நிலைகளில் கூடு வைக்கிறது என்று ஒன்றரைப் பக்கம். ஒரு சின்னப் பத்திரிகையில் வந்தது. அதில் புதிதாக ஒன்றும் இல்லை.